உன் வாக்காளர் அட்டை

கரவெட்டி,
12.09.2024

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. மழையைக் காணவில்லை, கிணறு நன்றாகக் கீழே போய்விட்டது. நீ வட்சப்பில் அனுப்பிய, உங்கள் தேசிய மக்கள் சக்தியின் ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தை நெல்லியடிக்குக் கொண்டுபோய்க் கடதாசியில் எடுத்துக்கொண்டு வந்தேன். போனில் அந்தச் சின்ன எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடாது. வரி, அரசியலமைப்பு, படிப்பு, ஆஸ்பத்திரி என்று எங்களைத் தொடுகிற பக்கங்களை மட்டும்தான் எடுத்தேன். அதற்கே கடைக்காரப் பெடியன் "இவ்வளவுமா ஐயா?" என்று கேட்டான். சிவப்புப் பேனையால் கோடு போட்டு வாசித்து முடிக்க ஐந்து இரவு பிடித்தது.

"வாசிக்காமல் கதைக்கிறீர்கள் அப்பா" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்து இன்றைக்கு 15 நாள். இப்போது வாசித்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வரியைச் சொல்கிறேன். கச்சேரிக் கணக்குக் கிளையில் 31 வருடம் இருந்தவனுக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். சம்பள வரி இப்போது மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் தொடங்குகிறது. அதை 200,000 ஆக்குவோம் என்கிறார் உங்கள் வேட்பாளர் அநுர. உன் சம்பளம் 150,000 என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். வருடத்தில் 600,000 வரிக்குள் வரும். முதல் 500,000க்கு 6 வீதம், மிச்சத்துக்கு 12 வீதம். மாதம் 3,500 ரூபாய் வெட்டுகிறார்கள். அவர் சொன்னதுபோல் நடந்தால் அந்தக் காசு உன் கையில் நிற்கும். உணவு, மருத்துவம், பாடப் புத்தகங்களுக்கு வற் வரியை, சாமான் விலையோடு சேர்த்து அறவிடுகிற அந்த வரியை, நீக்குவோம் என்கிறார். இந்த ஜனவரியில் அதை 15 இலிருந்து 18 வீதமாகக் கூட்டினார்கள். அம்மா சாமான் வாங்கிக்கொண்டு வரும்போது பில் துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நல்ல விடயம். இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் மகள், 2019 டிசம்பரையும் நினைத்துப் பார். அப்போதும் கோட்டாபயவின் ஆட்கள் வந்தவுடன் வற் வரியை 15 இலிருந்து 8 ஆக்கினார்கள். சனம் கைதட்டியது. நானும் சந்தோஷப்பட்டேன். கொரோனாவும் வந்து சேர, திறைசேரி காய்ந்து, 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நான் விடியப்புறம் 3 மணிக்குக் கானோடு போய் நின்றதை நீ போனில் கேட்டு அழுதாய். இப்போது சர்வதேச நாணய நிதியத்தின் 2.9 பில்லியன் டொலர் உடன்படிக்கை இருக்கிறது. அடுத்த வருடம் வட்டியைக் கழித்துப் பார்த்தால் வரவு செலவில் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.3 வீதம் மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அந்த உடன்படிக்கையை மறுபடி பேசுவோம் என்கிறார் உன் ஆள். வரியைக் குறைத்துக்கொண்டு மிச்சம் காட்டுவது எப்படி? களவை நிற்பாட்டினால், ஏய்க்கிறவர்களிடம் அறவிட்டால் வரும் என்கிறார்கள். வரும்தான். ஆனால் களவு நிற்க வருடக்கணக்காகும், நிபந்தனையோ அடுத்த வருடமே வந்து நிற்கும். இந்தக் கேள்வியை உங்கள் கூட்டங்களில் யாராவது கேட்கிறார்களா? நீ கேட்பாய். சின்ன வயதிலேயே சில்லறைக் கணக்கில் ஒரு ரூபாய் பிழைத்தாலும் விடமாட்டாய். அந்தக் குணத்தை அங்கே போய் விட்டுவிடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவில் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போவதென்றால் தனியாகப் போகாதே.

ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று எழுதியிருக்கிற இடத்தில் இரண்டு கோடு போட்டேன். 1994 இல் சந்திரிகா அம்மையார் சொன்னா. 2015 இல் மைத்திரிபாலவும் சொன்னார். அரசியலமைப்பின் 19ஆம் திருத்தத்தில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கொஞ்சம் வெட்டினார்கள், 20இல் திருப்பி ஒட்டினார்கள், 21இல் மறுபடி கொஞ்சம் வெட்டினார்கள். கதிரை மட்டும் 1978 இலிருந்து அப்படியே இருக்கிறது. இவர் உண்மையாகச் செய்யக்கூடும். மற்ற ஆட்களைப்போல் பரம்பரைக் கதிரை இல்லை, தம்புத்தேகமப் பக்கத்துச் சாதாரணக் குடும்பம் என்று நீ சொன்னது என் மனதில் நிற்கிறது. 2019 இல் நூற்றுக்கு 3 வாக்குத்தான் எடுத்தவர், இன்றைக்கு நாடு முழுக்க அவரைப் பற்றிக் கதைக்கிறது. அதெல்லாம் சரி.

எனக்கு நெஞ்சில் முட்டுகிற இடம் வேறு. அதிகாரப் பகிர்வு. புதிய அரசியலமைப்பு, 2015 இலிருந்து 2019 வரை நடந்த வேலையை முடிப்பது, உள்ளூராட்சிக்கும் மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் அதிகாரம், ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல். எல்லாம் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறது. எங்கள் மாகாண சபை 2013 இல் ஒரு முறை தெரிவு செய்த சபை. 2018 அக்டோபரில் கலைந்தது, அதோடு சரி. தேர்தல் வைத்தாலே பெரிய காரியம். ஆனால் அந்தச் சபையைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தை 1987 இல் எதிர்த்தவர்கள் யார்? சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர ஒரு பொதுக் கட்டமைப்பு என்றவுடன், 2005 ஜூனில் அரசாங்கத்தை விட்டு வெளியேறியவர்கள் யார்? அப்போது அநுர விவசாய அமைச்சர். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வழக்குப் போட்டு 2006 அக்டோபரில் தீர்ப்பு வாங்கியவர்கள் யார்? எல்லாம் உங்கள் கூட்டணியின் தாய்க்கட்சி ஜே.வி.பி.தான். "அது அந்தக் காலம் அப்பா, அவர்கள் மாறிவிட்டார்கள்" என்றாய். மாறியிருக்கலாம். மாறியவர் அதை வாயால் ஒருமுறை சொன்னால் என்ன? பிழை விட்டோம் என்று ஒரு வரி. அந்தப் பக்கங்களில் அதைத்தான் தேடினேன், ஐந்து இரவும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றிருக்கிற வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சின்ன மாமாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த ஒரு வரி நடந்தால் நான் உங்கள் சின்னமான திசைகாட்டிக்குக் கும்பிடு போடுவேன், எழுதித் தருகிறேன்.

அம்மா தமிழரசுக் கட்சி சொன்னபடி சஜித்துக்குத்தான் போடுவா. அண்ணா கனடாவிலிருந்து எடுத்து, சங்குச் சின்னத்துக்குப் போடுங்கள், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் வெல்லமாட்டார், ஆனால் எங்கள் குரல் ஒன்று கேட்க வேண்டும் என்கிறான். எனக்கும் மனம் அங்கேதான். உன்னிடம் ஒன்று கேட்கிறேன்: சங்குக்கு 1 போட்டுத் திசைகாட்டிக்கு 2 போட்டால் என்ன? விருப்பு வாக்கு என்று சட்டத்தில் இருப்பதே அதற்குத்தானே. யோசித்துப் பார்.

மாத்தறைக் கூட்டத்தில் நீ சிங்களத்தில் பேசிய வீடியோவை அண்ணா அனுப்பினான். நான்கு தரம் பார்த்தேன். உனக்கு அந்த மொழி இவ்வளவு வடிவாக வரும் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மாஸ்டருக்கும் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி நீ பேசப் பேசத் தலையாட்டிக்கொண்டே இருந்தா. உன் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை யார் என்று அம்மா கேட்டா. கூட வேலை செய்கிற ஆளாக இருக்கும் என்று சொன்னேன். அம்மா திரும்பக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தனியாகப் போகாதே என்று சொன்னேன், பிழையாக எடுக்காதே. தேர்தல் முடிந்த இரவும் ஊர்வலம் ஒன்றுக்கும் போகாதே. யார் வென்றாலும் வீட்டுக்குள் இரு.

மகள், இதற்கு மேல் எழுத வேண்டியதை எழுதாமல் இரண்டு தரம் கடதாசியைக் கிழித்தேன்.

2005 நவம்பர் 17 உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு அப்பம்மாவுக்குக் காய்ச்சல், அதனால்தான் வாக்குப் போடப் போகவில்லை என்று உனக்குச் சொன்னேன். பிறகு நீ வளர்ந்து கேட்டபோது, புலிகளின் பக்கத்திலிருந்து ஊரெல்லாம் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள், பயத்தில் போகவில்லை என்றேன். இரண்டும் முழு உண்மை இல்லை. அப்பம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. விடிய எழும்பிக் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, அடையாள அட்டையும் வாக்காளர் அட்டையும் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு கேற்றடியில் நின்றா. எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து மிரட்டவில்லை. நான்தான் போய் அவவின் கையிலிருந்து அந்த அட்டையைப் பறித்தேன். பறித்துக்கொண்டுபோய்க் குசினிக் கூரை வளையில் செருகினேன், அவவுக்கு எட்டாது. பயமும் இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. மகிந்த, ரணில் இரண்டு பேரும் ஒன்றுதான், இவர்களுக்கு என்ன வாக்கு என்று நானும் நம்பினேன். "என்ர வாக்கடா அது" என்று மட்டும் சொன்னா. பின்னேரம் வரைக்கும் அந்தச் சேலையை மாற்றவில்லை.

யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. மகிந்த வென்றது 180,786 வாக்கால். அவரைத் தூக்கி நிறுத்திய கூட்டில் உங்கள் ஜே.வி.பி.யும் இருந்தது. வாக்குச்சாவடிக்குள் இருக்க வேண்டிய நாங்கள் வீட்டில் இருந்தோம். அதற்குப் பிறகு நடந்ததை நான் உனக்கு எழுதத் தேவையில்லை. அப்பம்மா அடுத்த தேர்தலைக் காணவில்லை.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், உன் வாக்காளர் அட்டை இங்கே வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையே வந்தது. தபால்காரர் என் கையில்தான் தந்தார். அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் என் அலுமாரியில் ஓய்வூதியப் புத்தகத்துக்குக் கீழே வைத்தேன். அட்டை வந்தது தெரியாவிட்டால் நீ இரவு பஸ் ஏறி வரமாட்டாய், கொழும்பிலேயே இருந்துவிடுவாய், திசைகாட்டிக்கு ஒரு வாக்குக் குறையும் என்று நினைத்தேன். நான்கு நாள் அப்படியே இருந்தது. நேற்று இரவு மருந்து எடுக்க அலுமாரியைத் திறந்தபோது கையில் பட்டது. பிறகு நித்திரை இல்லை.

இப்போது எடுத்துச் சாமி அறையில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அட்டை இல்லாவிட்டாலும் அடையாள அட்டை இருந்தால் போடலாம், அதனால் அதை மறக்காமல் கொண்டுவா. வாக்குச்சாவடி வழமையான பள்ளிக்கூடம்தான், காலை 7 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. 20ஆம் திகதி வெள்ளி இரவு பஸ்ஸுக்கு இன்றைக்கே சீற் போட்டு வை, அன்றைக்குச் சனம் முட்டும். எத்தனை மணிக்கு நெல்லியடியில் இறங்குவாய் என்று ஒரு வரி அனுப்பு. எடுத்துப் பேச மனமில்லாவிட்டால் அம்மாவின் போனுக்கு அனுப்பு. நான் சைக்கிளில் வந்து நிற்பேன்.

யாருக்குப் போட்டாய் என்று கேட்கமாட்டேன். கூட யாராவது வருவதென்றால் அதையும் முன்னுக்கே சொல், அம்மா இரண்டு பேருக்குச் சமைக்க வேணும்.

அன்புடன்,
அப்பா