சிட்னிப் பாலங்களை எங்கே நின்று பார்ப்பது

அன்புள்ள கண்ணம்மா,

சிட்னிக்குப் போய் மூன்று மாதமாகியும் ஹார்பர் பிரிட்ஜை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்றாயே, அதற்காகவே இதை எழுதுகிறேன். பாலத்தின் மேலே போகிறவர்களுக்குப் பாலம் தெரியாது. தன் பாரத்தை அது எங்கே கொண்டுபோய் இறக்குகிறதோ, அங்கே போய் நிற்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்பு. மில்சன்ஸ் பாயின்டில் இறங்கி, கிழக்குப் பக்க நடைபாதையில் தெற்கு நோக்கி நட. மேற்குப் பக்கம் சைக்கிள்காரர்களுக்கு. காலையில் போனால் ஓபரா ஹவுஸ் பக்கம் கண் கூசும். மாலையில் வெயில் முதுகில் விழும். மேலே காற்று பலமாக இருக்கும், தொப்பி வேண்டாம். தென்கிழக்குக் கோபுரத்துக்குள் டிக்கெட் வாங்கி 200 படி ஏறலாம். ஆனால் அந்த நான்கு கிரானைட் கோபுரங்களும் வளைவைத் தாங்குவதாக நினைத்துவிடாதே. கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டுமென்று எழுப்பியவை அவை.

தாங்குவது கீழே இருக்கிறது. கம்பர்லேண்ட் தெருப் படிகளில் இறங்கி, டாஸ் பாயின்டுக்கு நடந்து, பாலத்தின் அடியில் நின்று பார். எஃகு வளைவின் கால் குறுகிக் குறுகி வந்து ஒரு பெரிய கீலில் உட்காரும். 503 மீட்டர் வளைவு மொத்தமும் இப்படி நான்கே கீல்களில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 37 செ.மீ. குறுக்களவும் 4.2 மீட்டர் நீளமும் உள்ள ஓர் எஃகு முளை. கதவுக் கீலின் வேலைதான் அதற்கும். வெயிலில் எஃகு நீளும்போது வளைவின் உச்சி 18 செ.மீ. வரை எழும்பும். கால்களை இறுக்கிப் பூட்டியிருந்தால் அந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லாமல், கால் பக்கத்து உறுப்புகள் தம்மை வளைக்கப் பார்க்கும் கூடுதல் விசையைச் சுமக்க வேண்டியிருக்கும். முளையில் சற்றே திரும்ப விட்டதால் அந்தச் சிக்கல் இல்லை.

அங்கேயே எஃகுத் தகடுகளைக் கோக்கும் ஆணிகளான ரிவெட்டுகளின் தலைகளையும் உற்றுப் பார். சுமார் 60 லட்சம் ரிவெட்டுகள். பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கும்; அந்தச் சுருக்கம்தான் தகடுகளைச் சேர்த்து இறுக்குகிறது. இரு கரையிலிருந்தும் பாதிப் பாதியாக நீட்டிக் கட்டிய வளைவு, ஒவ்வொரு பக்கமும் 128 கேபிள்களால் பாறைக்குள் பின்னிழுத்துக் கட்டப்பட்டிருந்தது. அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித்தான் 1930 ஆகஸ்டில் இரண்டு பாதிகளையும் சேர்த்தார்கள். பாலம் திறந்தது 1932இல்.

டார்லிங் ஹார்பரின் பிர்மான்ட் பாலம் 1902இல் திறந்தது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி மின்சாரத்தால் சுழலும். இப்போது வண்டி கிடையாது, நடக்கலாம்.

அதற்கு மேற்கே ஆன்சாக் பாலம், 1995, நடு இடைவெளி 345 மீட்டர். சாய்ந்த கேபிள்களைக் குறுக்கே இணைக்கும் மெல்லிய கம்பிகளைத் தேடிப் பார். கேபிள்கள் அதிர்ந்ததால் பின்னால் சேர்த்தவை.

மறக்காமல் பார்க்க வேண்டியது கிளேட்ஸ்வில் பாலம். சுற்றுலாக்காரர்கள் அந்தப் பக்கம் போவதேயில்லை, எனக்கு அது வருத்தம்தான். 1964இல் திறந்தபோது உலகின் மிக நீளமான கான்கிரீட் வளைவு, 305 மீட்டர். உள்ளே கூடான கான்கிரீட் பெட்டிகளைச் சாரத்தின் மேல் வரிசையாக அடுக்கி, ஒரு விலா, அதாவது கரைக்குக் கரை ஒரு முழு வளைவு, முடிந்ததும், பெட்டிகளுக்கு இடையில் வைத்த, அழுத்தம் ஏற ஏற விரியும் தட்டையான ஜாக்குகளுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். விலா தானாகவே சாரத்தை விட்டு மேலே எழும்பியது. பிறகு சாரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி அடுத்த விலா. ஒரே சாரம், எல்லா விலாவுக்கும்.

சர்குலர் கீயில் பரமட்டா நதிப் படகில் ஏறு. ஹார்பர் பிரிட்ஜுக்கு அடியிலும் அதுதான் போகும். உள்ளே உட்காராமல் முன்பக்கம் வெளியே நில். கிளேட்ஸ்வில் பாலத்தின் அடியில் போகிற நேரம் கொஞ்சம்தான். அண்ணாந்து பார்த்து விலாக்களை எண்ணு. எத்தனை என்று நான் சொல்லவில்லை, நீ எழுது.

அன்புடன்,
அப்பா