பந்தில் உயிர் இல்லை என்றீர்களே, அப்பா

அல்சூர், பெங்களூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், அவர், மாமியார் எல்லோரும் சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் போனில் பேசியது உங்களுக்குப் பாதி கூட விளங்கவில்லை. நான் "மாமிக்கு மூட்டு வலி" என்றேன், நீங்கள் "அங்கேயும் முட்டை விலை ஏறிடுச்சா?" என்றீர்கள். இரண்டு முறை திருப்பிச் சொன்னேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள். சரி, நீங்கள் கேட்ட கோல்ப் பந்து விஷயத்தையும் சேர்த்துக் கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்துக்கு லைன் தேவையில்லை.

இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகப் போகிறது. வீட்டில் தமிழ், காய்கறி வண்டியில் கன்னடம், கடையில் இங்கிலீஷ், ஆட்டோவில் மூன்றும் கலந்த ஒன்று. கன்னடத்தில் எண்ணக் கற்றுக்கொண்டேன், கோபப்பட மட்டும் இன்னும் வரவில்லை. அல்சூரில் தடுக்கி விழுந்தால் தமிழர்தான். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு, "மதுரை மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு, எந்த ஊரும்மா?" என்பார்கள். நுவரெலியா என்றால் சிலருக்கு அது இலங்கையில் என்றே தெரியாது. ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை இருக்கிறது. செய்து கொண்டுவந்த சிலையைப் பதினெட்டு வருஷம் துணியில் சுற்றியே வைத்திருந்து 2009இல்தான் திறந்தார்களாம். உங்கள் மருமகன் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அந்த மூட்டையைத்தான் பார்த்துக்கொண்டு போவாராம்.

டீயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். தூளைப் பாலில் போட்டுக் கொதி கொதியென்று கொதிக்க விடுகிறார்கள். நம் தோட்டத்து டீமேக்கர் பார்த்தால் அழுதுவிடுவார். நான் காப்பிக்கு மாறிவிட்டேன். ஒரு காப்பியை இரண்டு பேர் பங்கு போட்டுக் குடிப்பதற்கு இங்கே 'பை டூ' என்று பெயர். கடையில் அப்படிக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

வேலை இந்திராநகரில், மெட்ரோவில் ஒரே ஸ்டேஷன். கோல்ப் சாமான் கடை. ஸ்டிக், பந்து, பை, சப்பாத்து எல்லாம் உண்டு. உள்ளே வலை கட்டி, அடித்த பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் காட்டும் மெஷினும் வைத்திருக்கிறார்கள். சேர்ந்த புதிதில் நம் ஊர் கோல்ப் கிளப் 1889இல் ஆரம்பித்தது என்று ஒரு பெரியவரிடம் பெருமையடித்தேன். "இங்கே பெங்களூர் கோல்ப் கிளப் 1876" என்று வாயை அடைத்துவிட்டார். இந்த ஊர்ப் பெண் அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நாலாவதாக வந்தாரே, அவருக்கு அங்கே பை தூக்கியது அவருடைய அம்மாவாம். அதைக் கேட்டதிலிருந்து கோல்ப் பை தூக்கும் கேடியின் மகள் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். "இப்ப வர்ற பந்துல உயிரே இல்ல, எதை அடிச்சாலும் ஒரே மாதிரி இருக்கு, நல்லதா இருந்தா நாலு அனுப்பு" என்றீர்கள். அது ஒரு வாரமாக என் தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏனென்றால் பந்துக்குப் பந்து வித்தியாசம் உண்டு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். புல்லில் பொறுக்கிய பந்துகளை வாசல் இஸ்தோப்புச் சிமெந்துத் தரையில் ஒவ்வொன்றாய்ப் போட்டுக் காட்டுவீர்கள். 'டப்' என்றால் மெத்துத் தோல் போட்ட பலாட்டா, 'டக்' என்றால் கல்லுப் பந்து. பலாட்டாவில் நகத்தை அழுத்தினால் தடம் நிற்கும். யாராவது பந்தின் தலையில் அடித்துவிட்டால் வாய் கிழிந்து சிரிப்பது மாதிரி வெட்டு விழும். அப்படிக் கிழிந்த ஒன்றை நானும் தங்கச்சியும் அறுத்தோமே, நினைவிருக்கிறதா? ரப்பர் நூல் ஓடிக்கொண்டே இருந்தது, காம்பிரா முழுக்க. கடைசியில் நடுவில் ஒரு குட்டிப் பை, அதற்குள் ஏதோ தண்ணீர். அம்மா விஷமென்று பயந்து எங்கள் கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார்.

அந்த நூல் பந்து போயே போய்விட்டது. 2000இல் டைட்டிலிஸ்ட் கம்பெனியின் புரோ வி1 பந்து வந்தது, அதோடு பெரிய ஆட்டக்காரர்கள் எல்லோரும் நூலில்லாத கட்டிப் பந்துக்கு மாறிவிட்டார்கள். நீங்கள் கேடி வேலைக்குப் போன புதிதில் இருந்த சின்னப் பந்தும் இல்லை. அது குறுக்கே 41.15 மில்லிமீட்டர். 1990க்குப் பிறகு உலகம் முழுக்க 42.67க்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. எதிர்காற்றில் சின்னப் பந்து கத்தி மாதிரிப் போகும் என்று நீங்கள் சொல்வதை இங்கே சொன்னால் பையன்கள் கதை என்கிறார்கள்.

மாமி ஒருநாள் கடைக்கு வந்திருந்தார். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர்களைக் கொண்டுபோய் கர்நாடகாவில் சுள்ளியா ரப்பர் தோட்டத்தில் விட்டார்கள் அல்லவா, அங்கே பால் வெட்டிய கை அவருடையது. பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ரப்பரா?" என்று கேட்டார். பழைய பந்தின் நூலில் மரத்து ரப்பர் இருந்தது மாமி, இப்போது நடுக்கட்டி பெட்ரோலியத்திலிருந்து செய்யும் ரப்பர் என்றேன். "அப்ப எனக்கென்ன" என்று வைத்துவிட்டார்.

இப்போதைய பந்தில் பார்க்க வேண்டியது இரண்டு: உள்ளே இருக்கும் கட்டி, மேலே இருக்கும் தோல். டிரைவர் ஸ்டிக்கால் ஓங்கி அடித்தால் கட்டி நசுங்கி விரியும். ஸ்டிக் பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். குழி இருக்கிற கிரீனில் தட்டும்போது கட்டிக்கு வேலையே இல்லை, தோல்தான் பேசும். தோலில் இரண்டு ஜாதி. சர்லின் மாதிரி வழுவழுப்பானது ஒன்று. வெட்டு விழாது, விலை குறைவு. யூரித்தேன் இன்னொன்று, வெட்ஜ் ஸ்டிக்கின் கோடுகளில் கவ்விச் சுழலும், கிரீனில் விழுந்ததும் நிற்கும். விலையைக் கேட்டால் அம்மா திட்டுவார்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். பெட்டியைத் திறந்து பந்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள், சந்தையில் மாங்காய் பார்ப்பது மாதிரி. அவ்வளவு பலம் விரலில் இருந்தால் ஸ்டிக்கே வேண்டாமே! அப்புறம் டிவியில் பார்த்த பந்தைக் கேட்பார்கள், அதற்கடுத்த கேள்வி தூரம். நான் நேரே டிரைவரிடம் விடுவதில்லை. முதலில் கிரீனில் உருட்டும் பட்டர் ஸ்டிக், அப்புறம் சின்னச் சிப் அடி, கடைசியில்தான் டிரைவர். டீக்குச்சியில் வைத்தால் எல்லாப் பந்தும் நல்ல பிள்ளைதான். கிரீனுக்குப் பக்கத்தில் வந்தால்தான் குணம் தெரியும்.

எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. கைக்கு மெத்தென்று இருக்கும் பந்து கிரீனிலும் மெத்தென்று நிற்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காலவே சூப்பர்சாஃப்ட் என்கிற பந்தை அடித்தால் பஞ்சு மாதிரி இருக்கும், கட்டி அவ்வளவு இளக்கம். ஆனால் தோல் வழுவழுப்பு, விழுந்த பிறகு ஓடும். புரோ வி1எக்ஸ் அடிக்கும்போது கெட்டி, ஆனால் யூரித்தேன் தோல், விழுந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். மெதுவாக அடிப்பவர்களுக்கு இளகிய பந்துதான் தூரம் போகும் என்று சொல்லி விற்கிறார்கள் பாருங்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் மெஷினில் பார்த்தவரை இளகிய பந்து யாருக்குமே கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறது. கூடவே சுழற்சியும் குறைவதால் கோணிக்கொண்டு போவது குறையலாம். பிடித்தால் அடிக்கட்டும், தப்பில்லை. தூரத்துக்காக வாங்க வேண்டாம், அவ்வளவுதான்.

உங்கள் பந்து வெறும் கல்லாக இருக்க வேறு காரணமும் இருக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். நம் ஊர் ஆறாயிரம் அடிக்கு மேல், இது மூவாயிரம் அடி. காற்று அங்கே லேசு, அதனால் இங்கே 150 யார்டு போகிற அடி அங்கே இன்னும் ஐந்து யார்டு கூடப் போக வேண்டும். ஆனால் விடியற்காலைக் குளிர் அதைப் பிடுங்கிக்கொள்ளும். குளிர்ந்த ரப்பர் விறைத்துவிடும், அடித்தால் கை சுரீரென்கும். பந்தை இஸ்தோப்பில் பையோடு விடாமல் ராத்திரி அடுப்படிப் பக்கம் வையுங்கள். ஒன்பது குழிக்கு ஒன்பது சாதிப் பந்து அடிப்பதையும் விடுங்கள். பொறுக்கின பந்துக்குக் காசில்லை என்பது சரிதான், ஆனால் ஒன்று ஓடும், ஒன்று நிற்கும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்வீர்கள்.

இன்னொன்று, ஏரியிலிருந்து எடுத்துப் பெயிண்ட் அடித்த பந்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்களுக்கென்று போன வருஷம் ஒருவரிடம் மலிவாக இரண்டு டஜன் வாங்கினேன். பளபளவென்று இருந்தது. வலையில் அடித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. உற்றுப் பார்த்தேன், பெயிண்ட் பந்தின் மேலிருக்கும் குட்டிக் குழிகளுக்குள்ளே அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குழிதானே பந்தைக் காற்றில் தூக்கிப் பிடிப்பது! பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஆடக் கொடுத்தேன், ஒரு ஜன்னல் உடைந்தது, அது தனிக்கதை.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள்.

போன வியாழக்கிழமை கடையில் கூட்டமில்லை. என்னோடு வேலை செய்கிற பையன் காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் வைத்திருப்பான். மூன்று விதப் பந்தை மாற்றி மாற்றி வைக்கச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு பட்டரால் தட்டினேன். பத்துத் தட்டில் ஒன்பது சரியாகச் சொன்னேன். "எங்க அப்பா வளர்ப்பு" என்று மார்தட்டிக்கொண்டேன். அவன் சிரித்துக்கொண்டே ஹெட்போனை என் தலையில் மாட்டி, பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டான். அதே கை, அதே ஸ்டிக், அதே மூன்று பந்து. அப்பா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை! எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. உயிரே இல்லை. கையால் உணர்கிறோம் என்று இத்தனை காலம் நினைத்தது பெரும்பாலும் காதில் கேட்டதுதான்.

அப்போதுதான் முட்டை விலை ஞாபகம் வந்தது.

டிவி சத்தம் அடுத்த லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கிறது என்று அம்மா சொன்னார். போன மாதம் பின்னாலிருந்து பந்து வருகிறது, 'ஃபோர்' என்று மூன்று பேர் கத்தியும் நீங்கள் திரும்பவில்லை, பந்து உங்கள் காலடியில் வந்து விழுந்தது என்று தங்கச்சி இப்போதுதான் சொல்கிறாள். நீங்கள் வீட்டில் சொல்லவே இல்லையாம். லைன் நன்றாகத்தான் இருந்தது அப்பா. நீங்கள் பேசியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

பெரியம்மா மகன் அடுத்த மாதம் வருகிறான். அவனிடம் ஒரு டஜன் கொடுத்தனுப்புகிறேன், எல்லாம் புதுசு. ஆறில் சிவப்புப் புள்ளி, ஆறில் நீலப் புள்ளி வைத்திருக்கிறேன். ஒன்று யூரித்தேன், கெட்டி. மற்றது இளகல். எது எது என்று உங்களுக்கு எழுத மாட்டேன், தங்கச்சிக்குத் தெரியும். அடிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். இஸ்தோப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நில்லுங்கள். தங்கச்சி பத்து முறை தரையில் போடுவாள், 'டப்'பா 'டக்'கா என்று நீங்கள் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. எட்டு சரியாக வந்தால் நான் சொன்னது தப்பு, இன்னும் ஒரு டஜன் அனுப்புகிறேன். வராவிட்டால் திங்கட்கிழமை கிளப்புக்குப் போகாமல் அவளோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுங்கள். மெஷின் வைக்கச் சொன்னால் காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், அவர் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

பந்தில் புள்ளியை முன்னாலேயே பார்த்துவைத்துக்கொண்டு ஏமாற்றாதீர்கள். கணக்கு எழுதுவது அம்மா.

இப்படிக்கு,
உங்கள் மூத்தவள்