மெர்சிக்கு: மரியாளின் கீதம் பற்றி

அன்புள்ள மெர்சி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேரன் பிறந்ததிலிருந்து மகள் வீட்டில், கேம்பிரிட்ஜில்தான் இருக்கிறேன். குழந்தை நன்றாக இருக்கிறான், ராத்திரியில்தான் யாரையும் தூங்கவிடுவதில்லை. சாயங்காலம் மருமகன் வந்ததும் அவர் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு கிங்ஸ் காலேஜ் சாப்பலுக்கு நடந்துவிடுவேன். அங்கே பாட்டோடு நடக்கும் மாலை ஆராதனைக்கு, ஈவன்சாங்குக்கு, கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

இயேசுவின் தாய் பாடுகிற மரியாளின் கீதம் ஒன்றுக்கே எதற்கு இத்தனை இசையமைப்பு, உன் கொயர், அதாவது பாடகர் குழு, எதைப் பாடலாம் என்று கேட்டிருந்தாய். 1549-ல் பேராயர் கிரான்மர் ஆங்கில ஜெபப் புத்தகத்தை உருவாக்கியபோது, பழைய வெஸ்பர்ஸ் என்ற மாலை ஜெபத்திலிருந்து மரியாளின் கீதத்தையும், கம்ப்ளின் என்ற இரவு ஜெபத்திலிருந்து, குழந்தை இயேசுவைக் கண்ட கிழவர் சிமியோனின் கீதத்தையும் எடுத்து ஒரே மாலை ஆராதனையில் வைத்துவிட்டார். பேராலயப் பாடகர் குழுக்கள் இந்த இரண்டையும் நாள்தோறும் பாட வேண்டியதாயிற்று. தினமும் ஒரே இசை என்றால் யாருக்குத்தான் சலிக்காது? அதனால் டாலிஸ், பர்ட், கிப்பன்ஸ், பர்செல் என்று ஒவ்வொரு தலைமுறையும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

நான் கேட்கும்போது ஒரே ஒரு வரிக்காகக் காத்திருப்பேன். "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." அந்த இடத்தில் இசையமைப்பாளர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே, பாடுகிறவளை அவர் யாராக நினைத்தார் என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். ஆர்கனை முழுசாகத் திறந்து, ஆண் குரல்களை முன்னால் தள்ளி, இடி முழக்கமாக்கிவிடுவது எளிது. ஆனால் பாடுவது ஒரு சின்னப் பெண், வயிற்றில் பிள்ளையோடு, மலைநாட்டில் உறவுக்காரி எலிசபெத்தின் வீட்டில் நிற்கிறாள்.

இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டுக்கு அது புரிந்திருக்கிறது. அவர் டப்ளினில் பிறந்தவர்தான், ஆனால் ஆங்கிலத் திருச்சபை இசையை அவர் இல்லாமல் பேச முடியாது. அவர் ஜி மேஜர் சுருதியில் எழுதியதைக் கேட்டுப் பார். ஆர்கனில் சுருதிகள் நிற்காமல் சுழன்றுகொண்டே இருக்கும், ராட்டை சுற்றுவது மாதிரி. அதன்மேல் ஒற்றைச் சிறுவன் குரல் ஏறிப் போகும், மற்றவர்கள் அடியில் தாங்கிக்கொள்வார்கள். நூல் நூற்றுக்கொண்டே தன்பாட்டுக்குப் பாடும் ஒரு பெண்ணைத்தான் அதில் நான் பார்க்கிறேன். பின்னால் வரும் சிமியோனின் கீதத்தைக் கனத்த பேஸ் குரலுக்குக் கொடுத்துவிட்டார், இளம்பெண்ணும் கிழவரும் அடுத்தடுத்து வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஹெர்பர்ட் ஹவல்ஸ். அவர் ஸ்டான்ஃபோர்டின் மாணவர். போர்க்காலத்தில் இங்கே செயின்ட் ஜான்ஸ் காலேஜில் தற்காலிக ஆர்கனிஸ்டாக இருந்தார், அப்போது கிங்ஸ் காலேஜ் டீன் மில்னர்-வொயிட் எங்களுக்கும் ஒன்று எழுதித் தாருங்கள் என்று பந்தயம் கட்டிக் கேட்டாராம். அதிலிருந்து பிறந்ததுதான் 'கொலேஜியம் ரிகாலே' (கிங்ஸ் காலேஜின் லத்தீன் பெயர்), அதில் மாலை ஆராதனைக்கான இந்த இரண்டு கீதங்களும் 1945-ல் வந்தன. தொடக்கத்தில் சிறுவர் குரல் மட்டும், மெதுவாக, எங்கேயோ தொலைவிலிருந்து வருகிற மாதிரி. பலவான்களை முரட்டு வேகத்தோடு கீழே தள்ளக் கூடாது, அது இந்தப் பாட்டின் பெண்மைக்கு ஒவ்வாது என்று தான் நினைத்ததாக அவரே பின்னாளில் ஓர் இசைத்தட்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை வந்தது மெர்சி. ஹவல்ஸின் மகன் மைக்கேல் 1935-ல் போலியோவில் இறந்தான், ஒன்பதே வயது. அந்த வயதுப் பையன்கள்தான் இங்கே வரிசையாக நின்று பாடுகிறார்கள், அவர்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம் வந்துவிடுகிறது.

லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கென்று அவர் 1951-ல் எழுதியது வேறு மாதிரி. அந்தக் குவிமாடத்துக்குக் கீழே ஓசை அடங்கச் சில நொடிகள் ஆகும், அதனால் சுருதிக் கூட்டுகளை அவசரமாக மாற்றாமல் அகலமாக நகர்த்திக்கொண்டு போகிறார். கட்டடத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்! டிப்பெட் என்ற இன்னொரு இசையமைப்பாளர் செயின்ட் ஜான்ஸ் காலேஜுக்கு எழுதியதும் உண்டு, ஆர்கனின் எக்காளம் காதைத் துளைக்கும். பெரிய ஆள்தான், ஆனால் மரியாள் அதில் எங்கே என்று நான் தேட வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. ஒரு பெண்ணின் பாட்டு, அதை நூற்றாண்டுக் கணக்கில் பையன்களும் ஆண்களும் மட்டுமே பேராலயங்களில் பாடி வந்திருக்கிறார்கள். 1991-ல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கென்று தனிக் குழு தொடங்கியது, செயின்ட் ஜான்ஸ் காலேஜ் குழுவில் 2022-ல்தான் சிறுமிகள் சேர்ந்தார்கள். பையன்கள் குரலின் தெளிவு போய்விடும் என்று வாதாடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் இரண்டையும் கேட்டவள், அந்த வாதம் எனக்குச் சுத்தமாக ஒப்பவில்லை.

சரி, உன் கொயர் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்ட் 1924-ல் இறந்தவர், காப்புரிமை முடிந்துவிட்டது, நோட்டுகளை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஹவல்ஸுக்கு அப்படி முடியாது, புத்தகம் வாங்கித்தான் ஆக வேண்டும். முதலில் ஸ்டான்ஃபோர்ட் பி ஃபிளாட் சுருதியில் 1879-ல் எழுதியது, அதில் தொடங்கு. உங்கள் டெனர்கள், மேல் ஸ்தாயி ஆண் குரல்காரர்கள், தேறிவிட்டார்களா? அதில் வரும் சிமியோனின் கீதத்தில் அவர்களுக்கும் பேஸுக்கும்தான் வேலை. ஜி மேஜருக்கு மூச்சு நீளமுள்ள ஒரு சோப்ரானோ, உச்சக் குரல்காரி, வேண்டும், உன் சின்ன மகள் இன்னும் பாடுகிறாளா என்று எழுது.

அன்புடன்,
எஸ்தர்