திரும்பி வரும் மச்சானுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அந்த வைவாவும் முடிந்து, திருத்தங்களையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை செய்யத் திரும்பி வரும்போது என்ன கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டிருந்தாய். உடுப்பும் புத்தகமும் எப்படியும் வந்து சேரும். உன் பிளக்குகளும் இங்கே பொருந்தும், அதே 13 அம்பியர் சதுரக் கால்தான். நீ வெளிக்கிட்ட பிறகு இங்கேயிருந்து எடுக்க முடியாதவைதான் முக்கியம்.

முதலில் பட்டம் செல்லுபடியாகும் திகதி. சான்றிதழ் பட்டமளிப்போடுதான் கைக்கு வரும், அதற்கு மாதக்கணக்கு ஆகலாம். இங்கே நிரந்தரமாக்கவும் பதவி உயர்வுக்கும் அந்தத் திகதியைத்தான் பார்ப்பார்கள். ஆகவே பட்டத்துக்கான தேவைகள் யாவும் இன்ன திகதியில் பூர்த்தியாகிவிட்டன என்று அங்குள்ள பதிவாளர் அலுவலகத்திடமே எழுதி வாங்கு. மேற்பார்வையாளரின் கடிதம் அந்த இடத்தில் நிற்காது. அந்தக் கடிதத்திலும் சான்றிதழிலும் பெயர் எப்படி விழப்போகிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடு. எங்கள் ஆட்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால் வரும். அங்கே அதைத் தூக்கிக் கடைசியில் போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் வெறும் முதலெழுத்தாக்கியிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகாவிட்டால் பிறகு சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசிக்கு அலைய வேண்டிவரும். அச்சடிக்க முன் திருத்துவது சுகம்.

அடுத்தது மின்னஞ்சல். பல்கலைக்கழக முகவரி மூடப்பட்டால் நூலகமும் மென்பொருள் உரிமமும் மேகச் சேமிப்பும் அதோடு சேர்ந்து போகும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண் தரும் ஓர்கிட் கணக்கிலும், அனுப்பி வைத்திருக்கும் கட்டுரைகளிலும் உன் சொந்த முகவரியைச் சேர். தரவு முழுவதையும் இரண்டு வன்தட்டுகளில் எடு, ஒன்றைக் கைப்பையிலும் மற்றதைப் பெட்டியிலும் வை. மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் சொட்டேரோ மென்பொருளின் இலவச இடம் 300 எம்பிதான், பிடிஎஃப் கோப்புகளைத் தனியே இறக்கிக்கொள். வங்கிக்கும் மற்றக் கணக்குகளுக்கும் குறியீடு வரும் தொலைபேசி எண்ணை அந்த சிம் உயிரோடு இருக்கும்போதே மாற்று. பிந்தினால், மாற்றுவதற்கான குறியீடும் அந்த சிம்முக்குத்தான் போகும்.

ஆய்வுகூடத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன்: உலர்ந்து வரக்கூடியதை உலர்வாகவே கேள். டிஎன்ஏயைப் பெருக்கத் தொடக்கமாகப் போடும் சிறு துண்டான பிரைமர் பொடியாக வரும், வழியில் வெயில் பட்டாலும் தாங்கும். குழாயில் 24.6 நனோமோல் என்று போட்டிருந்தால் 246 மைக்ரோலீட்டர் விடு, 100 மைக்ரோமோலார் கரைசல் கிடைக்கும். அதில் 10 எடுத்து 90 மைக்ரோலீட்டர் நீரோடு கலந்து சின்னக் குழாய்களில் பிரித்து வை. தாய்க் கரைசலைத் தினமும் உருக்கி உறைய வைக்காதே. தலையிடி தருவது நொதியம், அதாவது என்சைம்தான். அது கிளிசரோலில் இருப்பதால் சைபருக்குக் கீழே 20 பாகையிலும் உறையாது. ஆனால் பனி பிடிக்காத வீட்டு உறைபெட்டி தன் பனியை உருக்கத் தானே அடிக்கடி சூடாகும், அந்தச் சூட்டில் நொதியம் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். கையால் பனி நீக்கும் உறைபெட்டிதான் வேண்டும் என்று கேள்விமனுக் கோரும்போதே எழுத்தில் போடு.

இனிப் பிள்ளைகள். நீ கூடக் கவனிக்க வேண்டியது இதைத்தான். மட்டக்களப்பிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ விஞ்ஞான பீடத்துக்கு வந்த பிள்ளை உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்தது. பிரசாரணம் என்றால் நீர் எந்தப் பக்கம் போகும், கலம் ஏன் வீங்கும் என்று கரும்பலகையில் படம் போட்டே விளக்கும். நீ 'ஒஸ்மோசிஸ்' என்று சொல்லிக்கொண்டு போனால், அது புதுச் சொல்லாகக் காதில் விழும். இது அந்தப் பிரசாரணம்தான் என்று பிடிபடுவதற்குள் நீ மூன்று வசனம் தாண்டியிருப்பாய். பக்கத்தில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்கும் இதே கதைதான், அதற்குக் கலம் 'சைலய'. இரண்டு பேரும் பேசாமல் குனிந்து எழுதுவார்கள். விளங்கித்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்துவிடாதே.

ஒவ்வொரு விரிவுரைக்கும் பத்துப் பன்னிரண்டு சொற்களை எடுத்து, ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று நிரலில் அரைப் பக்கம் அடித்து முதல் நாளே கொடு. இணையத்தில் அகப்பட்டதைப் பார்த்து எழுதாதே. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அது சவ்வூடு பரவல், நொதியம் அங்கே நொதி, கலம் செல். எங்கள் பிள்ளைக்கு அது இன்னொரு புதுப்பாடமாகிவிடும். மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உயர்தர உயிரியல் நூல்களை இரண்டு மொழியிலும் எடுத்து, சொல்லுக்குச் சொல் ஒத்துப் பார்த்து எழுது. முதல் வாரம் ஐந்து நிமிடக் கேள்வி ஒன்று வை, புள்ளி வேண்டாம், எந்த மொழியிலும் விடை எழுதலாம் என்று சொல். பாடம் தெரியாதவர் யார், சொல் மட்டும் தெரியாதவர் யார் என்று அந்தத் தாளில் பிரிந்து தெரியும். இரண்டாவது கூட்டம் நீ நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும்.

அங்கே பேசிப் பழகிய வேகத்தையும் குறை. சிலைட்டில் இருப்பதை அப்படியே வாசிக்காமல் முக்கிய சொல்லைப் பலகையில் எழுது. எழுதும் நேரம் அவர்களுக்கு மூச்சு விட இடம் கொடுக்கும்.

பெயர் விஷயத்தை இந்தக் கிழமையே பார்த்து, என்ன சொன்னார்கள் என்று எழுது. பயணத் திகதியும் வேண்டும். வீடு இங்கே பக்கத்தில் பார்த்தால் காலி வீதியில் 155 பஸ் பிடித்து கம்பஸ் வாசலிலேயே இறங்கலாம். அறை விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்