திருச்சி பெயரைச் சொல்லி வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லுங்கள்

அனுப்புநர்:
சுவாமிமலை உலோகச் சிலை ஏற்றுமதியாளர்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, உறுப்பினர் எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
வழித்தடத் திட்டப் பிரிவுத் தலைவர் மற்றும் வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தங்கள் விமான நிறுவனத்தின் சென்னை அலுவலகம்.

பொருள்: திருச்சி – சிங்கப்பூர் வழித்தடம் தொடங்குவதாக முன்பணம் பெற்றுவிட்டு, அதைத் தொடங்காமலே ஆறு புதிய நகரங்களை அறிவித்திருப்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் விமானத்தில் எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ். நெரிசல் கிடையாது, காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம், பணிப்பெண்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த விமானம் திருச்சியிலிருந்து கிளம்பும் என்று சொல்லித்தான் என்னிடம் பணம் வாங்கினீர்கள். இன்றுவரை கிளம்பவில்லை. எப்போது கிளம்பும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறீர்கள்.

கடந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு முந்தைய வாரம் தஞ்சாவூர் ஓட்டல் ஒன்றில் நீங்கள் நடத்திய அறிமுகக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். மன்னார்குடி அரிசி ஆலைக்காரர்கள், கும்பகோணம் பட்டு, பாத்திரக் கடைக்காரர்கள், கூத்தாநல்லூரிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொழில் வைத்திருப்பவர்கள் என்று அரங்கு நிறைந்திருந்தது. மேடைக்குப் பக்கத்தில் உண்மையான இருக்கை ஒன்றையே கொண்டுவந்து வைத்திருந்தீர்கள். வயதான அம்மா ஒருவரை உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தினார் உங்கள் பிரதிநிதி. இருக்கை மெல்லச் சாய்ந்து கட்டிலாக விரிந்ததும் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் அரங்கமே கை தட்டியது. பின்னால் இருந்த படத்தில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தங்க நிறத்தில் ஒரு கோடு. 'தை மாதத்துக்குள் முதல் விமானம்' என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 'முதல் உறுப்பினர்' அட்டைக்கு அன்றைக்கே பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். ரசீதில் 'வழித்தடம்: திருச்சி – சிங்கப்பூர்' என்று அச்சாகியிருக்கிறது. நகல் இணைத்திருக்கிறேன்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் சுவாமிமலையில் வார்க்கும் ஐம்பொன் சிலைகள் சிங்கப்பூர், மலேசியக் கோயில்களுக்குப் போகின்றன. மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றி, பிறகு வாரக்கணக்கில் உளியும் அரமும் பிடித்துச் செய்கிற வேலை அது. ஒவ்வொரு சிலைக்கும் தொல்லியல் துறையிடம் இது பழம்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கி, மரப்பெட்டியில் வைக்கோல் அடைத்து முன்கூட்டியே அனுப்பிவிடுவோம். ஆனால் கண் திறப்பதற்குச் செய்த ஸ்தபதியே நேரில் போக வேண்டும். கும்பாபிஷேக நாள் என்று ஒன்று குறித்துவிட்டால் யாருக்காகவும் அது தள்ளிப்போகாது.

எங்கள் ஸ்தபதிக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுவதும் தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து வேலை செய்தவர், முதுகுத் தண்டில் தீராத வலி. தொடர்ந்து ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே துவண்டுவிடுவார். திருச்சியிலிருந்து போகும் குறைந்த கட்டண விமானங்களில் முழங்கால் முட்டும் இருக்கையில் அவரை நாலு மணி நேரம் உட்காரவைத்துக் கூட்டிப்போக மனம் வராமல்தான் உங்கள் அட்டையை வாங்கினேன். வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கிருந்து படுத்துக்கொண்டே சிங்கப்பூர்.

தை பிறந்தது. விமானம் வரவில்லை. மாசியில் தொடங்கும் என்று தகவல் அனுப்பினீர்கள், அதற்கு டிக்கெட்டையும் உறுதி செய்தீர்கள். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, 'செயல்பாட்டுக் காரணங்களால் உங்கள் பயணம் சென்னைக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று குறுஞ்செய்தி வந்தது. கேட்டதற்கு, வீட்டு வாசலுக்கே கார் அனுப்புகிறோம், சென்னை பக்கம்தானே என்றார் உங்கள் அழைப்பு மையத்தில் பேசியவர். கும்பகோணத்திலிருந்து சென்னை விமான நிலையம் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று இரவு முழுக்க ஓட வேண்டும். சாலை வேலை நடக்கிற இடங்களில் கார் ஏறி இறங்கும்போதெல்லாம் பெரியவர் கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். பண்ருட்டி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, கடைக்காரரிடம் கேட்டு பெஞ்சில் படுக்கவைத்தோம். கண்ணை மூடிக்கொண்டே, "படுத்துக்கிட்டே போகலாம்னு சொன்னீங்களே தம்பி" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

விமானத்துக்குள் உங்கள் ஊழியர்கள் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள். தலையணை கூடுதலாகக் கொடுத்து, வெந்நீர் பை வைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. கண் திறப்பும் குறித்த நேரத்தில் நடந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்த பிறகு பெரியவர் நெடுநாள் பட்டறைப் பக்கமே வர முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகு போன மாதம் பத்திரிகையில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். 'விரிவாக்கத்தின் அடுத்த கட்டம்' என்று ஆறு புதிய நகரங்கள். அதில் திருச்சி இல்லை. எங்களுக்கு ஒரு வரி கடிதம்கூட இல்லை.

காரணம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதியபோது, ஓடுபாதை போதாது என்று ஒருவர், அனுமதிச் சிக்கல் என்று இன்னொருவர், அந்தப் பகுதியில் பிசினஸ் கிளாஸுக்கு ஆள் கிடைக்காது என்று மூன்றாமவர் பதில் சொன்னார்கள். விமான நேரத்தை வைத்தே பிழைப்பு நடத்துகிறவன் நான், இவை எனக்குத் தெரியாத விஷயங்கள் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருச்சி ஓடுபாதை 8,136 அடி. அதை நீட்ட வேண்டும் என்பது எங்களுடைய நெடுநாள் கோரிக்கைதான். அகல உடல் கொண்ட பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு ஐரோப்பாவுக்குப் பறக்க அது வேண்டும். ஆனால் உங்களிடம் இருப்பவை நடுவில் ஒரே நடைபாதை உள்ள சிறிய விமானங்கள். அதே அளவு விமானங்கள் நூற்றைம்பது, நூற்றெண்பது பேரையும் அவர்கள் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு இதே ஓடுபாதையிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போகின்றன. நீங்கள் ஏற்றுவது அதில் பாதிகூட இல்லை. லண்டனின் லூட்டன் விமான நிலைய ஓடுபாதை சுமார் 7,100 அடிதான். உங்களைப் போலவே முழுக்க பிசினஸ் கிளாஸ் நடத்திய சில்வர்ஜெட் 2007இல் அங்கிருந்து போயிங் 767ஐ அட்லாண்டிக் கடல் தாண்டி அமெரிக்காவின் நியூவார்க்குக்கு ஓட்டியது. எங்கள் ஊர் வெயிலில் விமானம் மேலெழும் திறன் கொஞ்சம் குறையும், சரி. நாலு மணி நேரப் பயணத்துக்கு அது ஒரு தடையாக முடியாது.

அனுமதி விஷயம் இன்னும் வருத்தமானது. வளைகுடா நாட்டு நிறுவனங்கள் திருச்சிக்கு வர முடியாமல் இரு நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தம் தடுப்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதற்காகப் பல ஆண்டுகளாக மனு கொடுத்துவருகிறோம். இந்திய நிறுவனமாக இருந்தால் 20 விமானங்களை உள்நாட்டில் ஓட்டிய பிறகே வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்ற விதியும் இருக்கிறது. நீங்களோ சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளின் விமானங்கள் தாராளமாக வந்துபோகலாம் என்று இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று. உங்கள் வழித்தடப் பிரிவுக்கு இது தெரியாமல் இருக்காது. பின்னே எந்த அனுமதி தடுக்கிறது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

ஆள் கிடைக்காது என்ற பதில்தான் என்னை மிகவும் புண்படுத்தியது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்திலிருந்து இந்த மண்ணின் பாதிக் குடும்பங்களுக்கு அக்கரையில் உறவு உண்டு. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1830ஆம் ஆண்டு வாக்கில் கட்டிய நாகூர் தர்கா இன்றும் நிற்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் நவக்கிரகக் கோயில்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். திருச்சியில் 2024இல் திறந்த புதிய முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளக் கட்டியது. இந்தக் கூட்டத்தில் உங்கள் எழுபது இருக்கைகளை வாரம் மூன்று நாள் நிரப்ப ஆள் இல்லையா? அன்றைக்குத் தஞ்சாவூர் அரங்கில் வரிசையில் நின்று பணம் கட்டியவர்களை நீங்களே பார்த்தீர்களே.

உண்மைக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். உங்களிடம் இரண்டே விமானங்கள். திருச்சிக்குப் போய், ஆளை இறக்கி ஏற்றி, எரிபொருள் நிரப்பித் திரும்ப ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். ஒரு விமானம் நாளுக்கு இரண்டு நடை போனாலே பெரிது. இதில் சென்னையோடு ஆறு புதிய நகரங்களைச் சேர்த்தால், ஒரு விமானத்தில் பழுது வந்த அன்றைக்கு மொத்த அட்டவணையும் சரிந்துவிடும். மாசியில் எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முழுக்க பிசினஸ் கிளாஸ் விமானம் ஓட்டும் இந்தத் தொழிலில் முன்னால் போனவர்களைப் பாருங்கள். மேக்ஸ்ஜெட் 2007 டிசம்பரில், ஈஓஎஸ் 2008 ஏப்ரலில், சில்வர்ஜெட் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றன. எரிபொருள் விலை ஏறிய நேரத்தில் தாங்கிக்கொள்ளக் கையில் பணம் இல்லாமல் போனவை அவை. நம் தமிழ்நாட்டிலும் மதுரைக்காரர்கள் 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் எம்ப்ரேயர் விமானங்களில் பிசினஸ் கிளாஸ் மட்டும் என்று ஓடியது. விமானங்களைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு வழக்காகி 2010இல் நின்றது. பிழைத்து நிற்பது பிரான்சின் லா கம்பாக்னி. 2014இல் பாரிஸ் – நியூவார்க் தடத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு லண்டனையும் சேர்த்தார்கள். சரிவரவில்லை என்றதும் 2016இல் அதை விட்டுவிட்டு, பாரிஸ் தடத்தை ஊன்றிப் பிடித்தார்கள். நீஸ், மிலான் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நீங்கள் நின்றுபோகக் கூடாது என்று மனதார விரும்புகிறேன். எங்கள் பெரியவரைப் போன்றவர்களுக்கு உங்கள் விமானம் உண்மையிலேயே தேவை. அதனால்தான் கேட்கிறேன்: பணம் வாங்கிய தடத்தை ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த ஊர்ப் பெயரை அச்சடியுங்கள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். திருச்சி வழித்தடம் உண்டா இல்லையா என்று, உண்டென்றால் தேதியோடு, பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பதில் தர வேண்டும். இல்லை என்றால் அட்டைக்குக் கட்டிய முழுத்தொகையையும் வட்டியோடு என் வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும். சென்னைப் பயணத்துக்கு மட்டும் செல்லும் கூப்பனாக மாற்றித் தருவதை நான் ஏற்க மாட்டேன். மாசிப் பயணத்தில் பெரியவர் பட்ட பாட்டுக்கு ஆன மருத்துவச் செலவையும் தர வேண்டும், சீட்டுகள் இணைப்பில் உள்ளன. அப்புறம், கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் டிராவல்ஸ் கடைகளில் அந்தத் தங்கக் கோடு போட்ட விளம்பரம் இன்னும் தொங்குகிறது. தடம் இல்லை என்றால் முதலில் அதை இறக்குங்கள், இன்னொருவர் அதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. அன்றைக்கு என்னோடு பணம் கட்டிய மற்றவர்களும் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வைகாசியில் எங்களுடைய அடுத்த சிலை மலேசியாவின் கிள்ளான் ஊர்க் கோயில் ஒன்றுக்குப் போகிறது. பெரியவர்தான் கண் திறக்கப் போகிறார். பங்குனி முடிவதற்குள் டிக்கெட் எடுத்தாக வேண்டும், உங்கள் பதில் அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உறுப்பினர் அட்டைதாரர்,
சுவாமிமலை.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, குறுஞ்செய்திகளின் அச்சுப்படி, மருத்துவச் சீட்டுகள், உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பதில்கள்.