தாள் தந்தீர்கள், கம்பியைப் பற்றிச் சொல்லவில்லை

கோலாலம்பூர் மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவுகளுக்கு,

வணக்கம். செந்தூலில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் வரிசையாகப் பென்சில் கோடுகள் இருக்கின்றன. பேரப்பிள்ளையின் உயரம் என்றுதான் வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அது என் இடது கையின் கணக்கு. மார்பக அறுவைச் சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். அதன்பிறகு தினமும் சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு மாதிரி மேலே ஏற்ற வேண்டும். முதல் கோடு விளக்கு சுவிட்சுக்குச் சற்று மேலே. கோயில் காலண்டர் மாட்டிய ஆணியைத் தொட நான்கு மாதம் ஆயிற்று.

இவ்வளவு நாள் ஆகியிருக்காது. நடுவே நானே நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் கையைத் தூக்கியபோது, அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கம்பியை இழுத்துக் கட்டியதுபோல் ஒன்று புடைத்தது. உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று பயந்து கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். தோள் இறுகிப்போனது. பின்னல் போடக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. அடுத்த முறை போனபோது பிசியோ தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "ஆன்ட்டி, இது சில பேருக்கு வரும். மெதுவா நீட்டிக்கிட்டே இருந்தா போயிடும்."

சரி, வரும் என்று தெரிந்ததை முதல் நாளே சொல்லியிருக்கலாமே!

எனக்குக் கொடுத்த பயிற்சித் தாளில் படங்கள் நன்றாகவே இருந்தன. எப்படிச் செய்வது என்று இருந்தது. செய்யும்போது எப்படி இருக்கும் என்று இல்லை. இழுப்பது சரி, கை வீங்கினாலோ, சிவந்து சூடானாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வா என்று இரண்டு வரி போதும். அதைத் தமிழிலும் போடுங்கள். மலாய் எனக்கு வாசிக்க வரும், தோட்டத்திலிருந்து வந்த என் அக்காவுக்கு வராது.

அப்புறம் இந்தக் 'கனம் தூக்காதே' பேச்சு. பக்கத்து வீட்டு மாமி சொன்னார், ஒரு தாதியும் சொன்னார். கணுக்களை எடுத்தபின் கையில் நீர் தேங்கி வரும் நிணநீர் வீக்கம் உள்ள பெண்களே முறையாகக் கற்றுக்கொண்டு சிறுகச் சிறுக எடையைக் கூட்டித் தூக்கினார்கள், வீக்கம் அதிகமாகவில்லை என்று 2009-லேயே அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்லிவிட்டது. அரை லிட்டர் தண்ணீர் போத்தலில் தொடங்கினேன். இப்போது சந்தைப் பையை அந்தக் கையில்தான் எடுக்கிறேன்.

நான் கேட்பது ஒரு தொலைபேசி அழைப்பு. வீட்டுக்குப் போன இரண்டாம், மூன்றாம் வாரத்தில், ஐந்து நிமிடம். காலை எட்டு மணிக்கு மட்டும் வேண்டாம், அந்த நேரம் சுவர் ஏறிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒருத்தி