சோதனை நோட்டுகளைத் தேட உடன் வந்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் கோலாலம்பூரிலிருந்து வணக்கம்.

சோதனைப் பண நோட்டுகளைப் பற்றி நான் எழுதிவந்த குறிப்பேடு நிறைவடைந்துவிட்டது. இயந்திரம், மை, தாள் ஆகியவற்றைச் சோதிக்கவும், நோட்டு அச்சடிக்கக் கேட்டு வரும் மத்திய வங்கிகளுக்கு மாதிரி காட்டவும் அச்சகங்கள் அடிக்கும் தாள்கள் இவை. கடையில் செல்லாது. வேலை முடிந்தால் பெரும்பாலும் அழித்துவிடுவார்கள். அதனால் இவற்றின் வரலாற்றை ஆள் ஆளாகக் கேட்டுத்தான் சேர்க்க முடிந்தது. அந்த ஆட்கள் நீங்கள்.

அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் கடை போடும் அண்ணனுக்கு முதல் நன்றி. நோட்டு அச்சு இயந்திரங்கள் செய்த கேபிஏ ஜியோரி நிறுவனம் அடித்த, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் படம் போட்ட சோதனை நோட்டை, கூடுதல் விலை சொன்னவருக்குக் கொடுக்காமல் எனக்காக எடுத்து வைத்திருந்தீர்கள்.

செந்தூல் ஐயா, அச்சகத்தில் உழைத்த கை உங்களுடையது. உலோகத் தகட்டில் வெட்டிய பள்ளத்தில் மை நிற்கும், பேரழுத்தத்தில் தாள் அதற்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும் என்றீர்கள். நோட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்து, கோடுகள் மேடாக எழுந்து நிற்பதைக் காட்டினீர்கள். பின்பக்கத்தில் என் விரலை வைத்து, அழுத்திய தடத்தையும் உணர வைத்தீர்கள். அந்த ஒரு மாலை இல்லையென்றால் குறிப்பேட்டில் பாதி இருந்திருக்காது.

பினாங்கு ஆசிரியை அக்கா, 1983-இல் பிரிட்டன் பக்கத்திலுள்ள மேன் தீவு வெளியிட்ட ஒரு பவுண்டு நோட்டை நம்பிக் கொடுத்தனுப்பினீர்கள். புழக்கத்துக்கு வந்த நோட்டுதான், ஆனாலும் தாளுக்குப் பதில் வேறு பொருளை முயன்று பார்த்த சோதனை அது: கூரியர் உறை செய்யும் அதே டைவெக் என்ற பிளாஸ்டிக் இழைத் தாளில் அடித்தது. கிழிக்க வராது, ஆனால் அந்த வகை நோட்டுகளில் மைதான் நிலைக்கவில்லை. என்னைக் கேட்டால், வெற்றி பெற்ற நோட்டுகளைவிட இது அதிகம் சொல்லித் தருகிறது.

ஆஸ்திரேலியாவில் 1966-க்குப் பிறகு கள்ள நோட்டு பெருகியதும், அங்கே ரிசர்வ் வங்கியும் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவும் கைகோத்து 1988-இல் பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் அடித்த பத்து டாலர் நோட்டைக் கொண்டுவந்ததும் மெல்பர்ன் தங்கை தேடி அனுப்பிய பக்கங்களில் கிடைத்தன. பத்தே ஆண்டில் பாலிமர் நம் ஊருக்கும் வந்தது: 1998 காமன்வெல்த் போட்டிக்கு வெளியிட்ட 50 வெள்ளி (ரிங்கிட்) நினைவு நோட்டு. தன்னிடம் இருந்த ஒன்றை எனக்கே தந்துவிட்ட பிரிக்பீல்ட்ஸ் தம்பிக்கு என்ன சொல்வேன்!

அக்கா, உங்கள் நோட்டை அடுத்த மாதம் பினாங்கு வரும்போது நேரில் தருகிறேன். குறிப்பேட்டின் நகல் உங்கள் எல்லோருக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.